வட்டாரச் சொல்லும் மதிப்பெண்ணும்: கல்லூரித் தமிழ்ப் பயிற்றலில் வேண்டப்படும் மாற்றம்

உயர்கல்வியில் கற்பித்தலைப் புதுமையாக்குதல் என்னும் பேச்சு பெரும்பாலும் திரை, கணினி, இணையவழிப் பாடம் ஆகிய கருவிகளைச் சுற்றியே அமைகின்றது. கருவி மாறினும், மாணவர் கேட்டு எழுதிக்கொள்பவராக மட்டுமே இருப்பின் கற்பித்தல் மாறியதாகாது. சேலம், நாமக்கல் சமவெளிக் கல்லூரிகளைப் பொறுத்தவரை, மாணவர் தம் ஊரிலிருந்து கொண்டுவரும் சொல்லறிவைப் பாடத்திற்குரியதாக ஏற்பதே முதன்மையான புதுமை எனலாம்.

1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியபின், இப்பகுதியின் உழவு, தறி, லாரித் தொழில், ஜவ்வரிசி ஆலை சார்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி அண்மையதாயிற்று. பாவு, ஊடை, நாடா என்பன தறிவீட்டு மாணவர்க்கு அன்றாடச் சொற்கள். மரவள்ளி அவர்தம் ஊரில் குச்சிக்கிழங்கு. வகுப்பறையிலோ இவ்வழக்கு திருத்தப்பட வேண்டிய கொச்சையாகவே எண்ணப்படுகின்றது. இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லையும் தொல்காப்பியம் செய்யுட்குரியதாக ஏற்றதைப் பாடமாகப் படிக்கும் மாணவர், தம் வழக்கும் ஆராயத்தக்கது என உணர வாய்ப்பின்றிப் பட்டம் பெறுகின்றார்.

இதற்கு மாற்றான முயற்சி இம்மண்ணிலேயே நிகழ்ந்துள்ளது. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதியைத் தொடர்ந்து, நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டார். அவர் முன்னின்று நடத்திய 'கூடு' ஆய்வுச் சந்திப்பு மாணவரைப் பேசவும் எழுதவும் வைத்தது. அதன் வழி 'சாதியும் நானும்' (2013) என்னும் கட்டுரைத் தொகுப்பு உருவாயிற்று. எனினும் அச்சந்திப்பு பாடத்திட்டத்திற்கும் மதிப்பெண்ணிற்கும் வெளியே நிகழ்ந்ததாகும். ஓர் ஆசிரியரின் தனி ஈடுபாட்டைச் சார்ந்த முயற்சி அவரோடு நின்றுவிடக்கூடும். நிறுவனம் ஏற்றாலன்றி அது தொடராது.

ஆகவே, பகுதி ஒன்று தமிழின் அகமதிப்பீட்டில் ஒப்படைவுக்குரிய இடத்தை இதற்கு ஒதுக்கலாம். நூலைப் பார்த்தெழுதும் ஒப்படைவுக்கு மாற்றாக, ஐவர் கொண்ட குழு ஒரு தொழில்சார்ந்த இருபது சொற்களைத் திரட்டலாம். ஒவ்வொன்றிற்கும் பொருளும் ஆட்சியும் எழுதி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோடு ஒப்பிட்டு, அதில் இல்லாதவற்றையும் பொருள் வேறுபட்டவற்றையும் சுட்டலாம். கள ஆய்வு, அகராதிப் பயன்பாடு, வரையறை எழுதுதல் ஆகிய மூன்றும் இதனால் ஒருங்கே பயிலப்படும்.

மாணவர் தொகை மிகுந்த வகுப்பில் இது இயலுமா என்னும் வினா நியாயமானதே. குழுவாகச் செய்வதால் திருத்தும் சுமை குறையும்; வாய்மொழித் தேர்வாக வைத்தால் படியெடுத்தலும் குறையும். இதனினும் பெரிய இடர் வேறொன்று: தொழிற்சொல் சாதியைக் காட்டிக்கொடுக்கும். எனவே எம்மாணவரையும் தம் வீட்டுத் தொழிலைப் பற்றியே எழுதுமாறு பணித்தலாகாது. களத்தைத் தெரிவு செய்யும் உரிமை அவர்க்கே இருத்தல் வேண்டும். தகவல் தருவோரின் இசைவும் பெறப்பட வேண்டும்.

விசைத்தறி பெருகப் பெருகக் கைத்தறிச் சொற்கள் வழக்கொழிந்து வருகின்றன. அவற்றை அறிந்த முதியோர் பலர் இன்றைய மாணவர்தம் வீடுகளிலேயே உள்ளனர். ஆண்டுதோறும் திரட்டப்படுவன துறை நூலகத்தில் சேருமாயின், அவை வருங்கால ஆய்வாளர்க்கு மூலத்தரவாகும். திரட்டிய மாணவரும் ஆய்வாளராகவே கல்லூரியை விட்டு வெளியேறுவர்.