காற்றில் நீச்சலா? சும்மா கதை!

காற்றை விடக் கனமான வாயுவை ஒரு அறையில் நிரப்பி, கொஞ்சம் ஆக்ஸிஜனும் கலந்துவிட்டால் மனிதன் மூச்சு விட்டுக்கொண்டே மிதக்கலாம் என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்கிறது. ஆதாரம்? கண்ணாடித் தொட்டியில் அலுமினியத் தாள் படகு அந்தரத்தில் மிதக்கும் வீடியோ. போதாக்குறைக்கு திற்பரப்பு அருவியையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். "அருவிக்கடியில காத்தும் தண்ணியும் கலந்த நுரைதானே, அதுல ஆளு மிதக்கல்லியா?"

படகு உண்மைதான். தொட்டியில் இருப்பது சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு. காற்று லிட்டருக்கு 1.2 கிராம் என்றால் இது சுமார் 6 கிராம். ஆனால் தாள் படகுக்குள் இருப்பது பெரும்பாலும் வெறும் காற்று. மனிதன் அப்படியா? லிட்டருக்கு ஏறக்குறைய 1000 கிராம்! 60 கிலோ ஆளை நாலு பங்கு அந்த வாயு, ஒரு பங்கு ஆக்ஸிஜன் உள்ள அறையில் நிறுத்தினால் தராசு முள் கால் கிலோகூட இறங்காது. இதற்குப் பெயர் மிதப்பதா?

"அழுத்திக் கனமாக்கலாமே" என்பார்கள். 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 21 மடங்கு காற்றழுத்தத்திலேயே அந்த வாயு திரவமாகிவிடும். வெள்ளிக் கோளின் தரையில் பூமியைப் போல 90 மடங்குக்கும் மேல் அழுத்தம். அங்கேகூட வாயு லிட்டருக்கு சுமார் 65 கிராம்தான். (அந்தச் சூட்டில் மிதக்க யாருக்கு ஆசை வரும் என்பது வேறு மேட்டர்!)

மூச்சு விஷயம் இன்னும் மோசம். கனமான வாயுவை நெஞ்சு இழுத்து இழுத்தே ஓய்ந்துபோகும், கரியமில வாயு உள்ளேயே தேங்கும். ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கு லிட்டருக்கு 6 கிராமைத் தாண்டினாலே ஆபத்து என்கிறார்கள். 1992-ல் பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனம் அழுத்த அறைக்குள் 701 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் மனிதனை வைத்துப் பார்த்தபோது, சுவாசிக்கக் கொடுத்தது ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த ஆக்ஸிஜன். இருப்பதிலேயே லேசான வாயுக்கள்! மிதக்க 1000 கிராம் வேண்டும், மூச்சு 6-லேயே முட்டுகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும்?

இனி திற்பரப்பு சாட்சி. அது எதிர்க்கட்சிக்குத்தான் சாதகம். கோதையாறு சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழும்போது காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு குமிழி ஆகிவிட்டால் லிட்டருக்கு 800 கிராம். நெஞ்சு நிறைய மூச்சு பிடித்தவர்கூட அதை விடக் கனம், ஆகவே அமிழ்வார். கை வீசினாலும் பாதி குமிழிதான் அகப்படும், பிடிமானம் கிடைக்காது. சுழல் இழுப்பது தனி. மூக்கு மேலே இருந்தாலும் உள்ளே போவது சாரல்.

மலையில் மழை பெய்து வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை போடுவார்கள். உடனே "கடல்ல நீந்துதவனுக்கு இந்த அருவியா பெரிசு?" என்று ஒருவர் கம்பியைத் தாண்டத் தயாராவார். அவர் நீந்திப் பழகிய கடல்நீர் லிட்டருக்கு சுமார் 1025 கிராம்.