“தானே வந்துவிடும்”

நமது குடும்பங்களில் மிகவும் மலிவாகக் கிடைக்கும் சரக்கு ஒன்று உண்டு. அதற்குச் சமாதானம் என்று பெயர். குழந்தை ஒன்றரை வயதாகியும் பேசவில்லையா? “இவன் அப்பன் மூன்று வயதில்தான் வாயைத் திறந்தான், இன்றைக்கு மூடுகிறானா பார்!” என்று சம்பந்தி அம்மாள் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். நடக்கவில்லையா? “கொழுகொழுவென்று இருக்கிறது, மெதுவாகத்தான் நடக்கும்” என்று எதிர்வீட்டுப் பாட்டி இன்னொரு பொட்டலம் கொடுப்பாள். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வசம்பு நாக்கில் காரம் ஏற்றுமே தவிர, பேச்சை ஏற்றாது.

இந்தச் சமாதான வியாபாரத்தில் அடியேனும் ஒரு பங்காளி என்பதை இந்த வாரம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் பெண் வயிற்றுப் பேரனுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். பதினாறாம் மாதத்தில் நடந்துவிட்டான். ஆனால் ஒரு சொல்லும் வரவில்லை. ஒரு நாள் என் பெண், “அப்பா, கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறான். காக்கையைக் காட்டினால் என் விரலைப் பார்க்கிறானே ஒழியக் காக்கையைப் பார்ப்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது” என்றாள்.

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “குமரகுருபரரே ஐந்து வயது வரையில் பேசவில்லை, அம்மா! தானே வந்துவிடும்” என்றேன்.

“வாஸ்தவம் அப்பா. ஆனால் அவரைப் பெற்றவர்கள் ஸ்ரீவைகுண்டத்தில் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லையே? குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்கு அல்லவா புறப்பட்டார்கள்?” என்றாள்.

எனக்குப் பதில் தோன்றவில்லை. மறு வாரமே நாங்களும் பஸ் ஏறினோம்.

* * *

பெரியவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா உள்பட ஐந்து தேசங்களின் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் எட்டாம் மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்திருக்கிறது. ஆகையால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதத்தில் ஓடுகிறான் என்று ஒருவரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த விரிவுக்கும் ஓர் எல்லை உண்டு. அது தாண்டிவிட்டதா என்று பார்ப்பதற்குப் பாட்டியின் ஞாபகசக்தி போதாது.

வைத்தியர் ஒரே ஒரு காகிதத்தை மேஜையின் மேல் விரித்தார். 1991-ல் திருவனந்தபுரத்தில் தயாரித்த அட்டவணை அது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பதினேழு காரியங்கள் அதில் குறித்திருக்கின்றன: தலை நிற்பது, மணியோசைக்குத் திரும்புவது, பந்தை எறிவது, இரண்டு சொற்கள் பேசுவது, பொம்மையின் அங்கங்களைத் தொட்டுக் காட்டுவது என்று இப்படி. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்ஸிலை நிறுத்த வேண்டியது. பென்ஸிலுக்கு இடப்பக்கம் உள்ள காரியம் எதையாவது குழந்தை செய்யவில்லை என்றால், மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை! எங்கள் பேரனுடைய பென்ஸிலுக்கு இடப்பக்கத்தில் மூன்று காரியங்கள் நின்றுபோயிருந்தன.

“முதலில் காது” என்றார் வைத்தியர். “தட்டைப் போட்டால் திரும்பிப் பார்க்கிறானே?” என்றேன் நான். தட்டின் ஓசை கேட்கிற காதுக்குத் தாயின் பேச்சுத் தெளிவாகக் கேட்கும் என்பது நிச்சயமில்லையாம். குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் சிறு வில்லைகளை ஒட்டி, ஒலி மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று ‘பெரா’ பரிசோதனையில் பார்த்தார்கள். தைராய்டுக்காக இரத்தமும் எடுத்தார்கள். பிறக்கும்போதே அந்தச் சுரப்பில் குறைவிருந்து, அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துத் தினம் ஒரு மாத்திரை கொடுத்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல வளரும். கவனிக்காமல் விட்டால், இழந்த புத்தி வளர்ச்சி திரும்பி வராது. காத்திருப்பதற்கு எவ்வளவு விலை என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

காதும் சரியாக இருந்தது. இரத்தமும் சரியாக இருந்தது. வைத்தியர் எந்த வியாதியின் பெயரையும் சொல்லவில்லை. இன்னும் சில மாதம் பார்த்தே சொல்ல முடியும் என்றார். ஆனால் பயிற்சியை அதற்காக நிறுத்திவைக்க வேண்டாம், அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம் என்றார்.

* * *

வீட்டில் அதற்குள் வேறு விசாரணை ஆரம்பமாகிவிட்டது. கர்ப்பகாலத்தில் இவள் சரியாகச் சாப்பிடவில்லை, எந்நேரமும் கையில் போன், பிள்ளையுடன் பேசுவதே இல்லை என்று குற்றப் பத்திரிகை நீண்டுகொண்டே போயிற்று. பத்து நாள் என் பெண் யாருடனும் பேசவில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. மேனாட்டில் படித்த நிபுணர்களே ஒரு காலத்தில், தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் ஆட்டிஸம் உண்டாகிறது என்று எழுதிவந்தார்கள். 1964-ல் பெர்னார்டு ரிம்லாண்ட் என்பவர் ஒரு நூல் எழுதி அதை மறுத்தார். அவரே அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தகப்பனார். அந்தக் கொள்கை இன்று செத்துப்போன கொள்கை. நம் கூடத்திலும் தாழ்வாரத்திலும் அதற்கு ஏன் உயிர்ப்பிச்சை கொடுக்க வேண்டும்?

* * *

இப்போது பேரனுக்கு இரண்டரை வயது நெருங்குகிறது. சொல் இன்னும் வரவில்லை. ஆனால் பயிற்சி ஆசிரியை காட்டிக் கொடுத்தபடி, சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் என் பெண் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு பொருளின் பெயரையும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள். சென்ற வெள்ளிக்கிழமை காலை மதிற்சுவரில் காக்கை வந்து உட்கார்ந்தது. அவள் விரலை நீட்டினாள். அவன் விரலைப் பார்க்கவில்லை, காக்கையைப் பார்த்தான். பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள்.

இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டுமே என்று நேயர்கள் மலைக்க வேண்டாம். பிறந்தது முதல் பதினெட்டு வயது வரையில் குழந்தைகளை இலவசமாகப் பரிசோதிக்கும் அரசாங்கத் திட்டம் 2013-ல் தொடங்கியது. வளர்ச்சித் தாமதமும் அதில் சேர்ந்ததே. மேற்கொண்டு கவனிப்பதற்கு ஜில்லா தலைமை ஆஸ்பத்திரிகளிலும் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கன்வாடியில் விசாரித்தாலே வழி சொல்வார்கள்.

என்னைப் போன்ற தாத்தாக்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. குழந்தையை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிற தாய் “எனக்கு என்னவோ சந்தேகமாக இருக்கிறது” என்றால், அந்தச் சந்தேகம் அநேகமாக அர்த்தமில்லாமல் இராது. குமரகுருபரரை நாம் உதாரணம் காட்டுவதானால் கதையை முழுவதும் சொல்லிவிட வேண்டும். இனிமேல் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பஸ் புறப்படும் நேரத்தை மட்டும் சொல்வதாக உத்தேசம்.