சனிக்கிழமையும் சிறை மீண்டவனும்

கோவை மத்திய சிறையிலிருந்து ஓர் இளைஞன் விடுதலையாகித் திருப்பூருக்குத் திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். போதை மாத்திரைக்காகத் திருடிச் சிறை சென்றவன். நம் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? “ஒரு பனியன் கம்பெனியில் சேர்த்துவிட்டால் போதும், திருந்திவிடுவான்” என்கிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த இந்தச் சொல்லே அவனை மீண்டும் குழியில் தள்ளுகிறது என்கிறேன் நான்.

திருப்பூரில் வேலைக்குப் பஞ்சமில்லை. கைமடிக்கும் செக்கிங்குக்கும் ஆள் தேடும் ஊர் இது. ஆனால் அவன் வேலையின்றி விழுந்தவன் அல்லன், வேலையிலிருந்தபோதே விழுந்தவன். ஒன்றரை ஷிப்ட் உழைத்துத் தூக்கத்தை இழந்தான். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கைக்கு வந்தது. வழியிலே மதுக்கடை நின்றது. அதற்கும் முன்னே, பள்ளிக்குச் செல்லும் பருவத்தில் தொழிலுக்கு வந்தவன்; குடித்துவிட்டு வரும் தந்தையின் அடியில் வளர்ந்தவன். அந்த மனக்காயத்துக்கு அவனே தேடிக்கொண்ட மருந்துதான் மாத்திரை. காயத்தை ஆற்றாமல் மாத்திரையை மட்டும் பிடுங்கினால் அவன் வேறெங்கே போவான்?

ஆகவே, விடுதலை நாளுக்கு முன்பே எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும். முதலில் மருத்துவர். நெடுநாள் குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். சிறையில் போதையின்றி இருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. வெளிவந்த முதல் வாரங்களில் அவ்வாறு மாண்டவர்கள் உலகெங்கும் உண்டு. அடுத்து, மனக்காயத்தை அறிந்த மனநல ஆலோசகர். பிறகு, பழைய கூட்டாளிகள் இல்லாத இருப்பிடம். நான்காவதாகத்தான் வேலை, அதுவும் பகல் ஷிப்டில். அவன் இசைந்தால், சம்பளம் வங்கிக் கணக்குக்கோ தாயின் கைக்கோ செல்லட்டும்.

சட்டம் வழிவிடவில்லையா? விட்டிருக்கிறது. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் ஒருவனைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடலாம். போதையைத் தவிர்க்க வேண்டுமென்று நிபந்தனையும் விதிக்கலாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சிறு அளவுக் குற்றத்தில் சிக்கிய அடிமையை அவன் சம்மதத்துடன் சிகிச்சைக்கு அனுப்ப இடந்தருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மதுவாலும் போதையாலும் விளையும் மனநிலைக் கேடுகளை நோயென்றே ஏற்கிறது. இவற்றையெல்லாம் கேட்டுப்பெற அவனுக்கு ஆள் இல்லை, குறை அங்கேதான்.

“திருட்டுக் கொடுத்தவனுக்கு யார் நீதி செய்வது?” என்று சிலர் சினந்து கேட்பர். நேர்மையான கேள்வி. 1958ஆம் ஆண்டுச் சட்டமே இழப்பீடு செலுத்த ஆணையிடவும் வழி செய்கிறது. அதுவும் திட்டத்தில் இடம்பெறட்டும். திட்டமின்றி அவனை வீதியில் விடுவதால் முன்பு இழந்தவருக்கு ஆறுதல் இல்லை. நாளை இழக்கப்போகிறவர்தான் கூடுகிறார்.

“ஒருமுறை உதவினோம், மறுபடியும் குடித்தானே” என்று கைகழுவுவோருக்கு ஒரு நினைவூட்டல். மது அருந்தியமைக்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் தண்டித்தார்கள்; ஆனால் தோழர் ஒருவர் அவரைச் சபித்தபோது தடுத்தார்கள். தண்டனைக்குப் பின்னும் அவர் சமுதாயத்தின் உறுப்பினராகவே இருந்தார். நாமோ சபிப்பதை மட்டும் தவறாமல் செய்கிறோம்! மறுபடி விழுவது இந்நோயின் இயல்பு. விழுந்த அன்று யாரிடம் ஓடிவர வேண்டும் என்பதும் அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வூர்ப் பின்னலாடைத் தொழிலின் முன்னோடிகளுள் குலாம் காதர் என்பாரும் ஒருவர். முதலாளிகளும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் இவர்களில் மூவரையேனும் ஒன்றாக அமர்த்தி, சிறையிலிருந்து வரும் ஒவ்வொருவனுக்கும் ஒரு தாள் எழுதட்டும். அதன் முதல் வரியில் ஒரு பெயர் வேண்டும்: வருகிற சனிக்கிழமை மாலை அவனோடு வீடுவரை நடந்து செல்லப்போகிறவரின் பெயர்.