கன்றை மட்டும் கொடுத்தால் போதுமா?

எரிபொருளை நிலத்திலேயே விளைவிக்கலாம் என்பது நல்ல எண்ணமே. அகழ அகழக் குறைவது நிலத்தடி எண்ணெய். ஆண்டுதோறும் மீண்டும் விளைவது வித்து. ஆயினும், நல்லெண்ணம் ஒன்றே உழவன் வீட்டு உலையை ஏற்றிவிடாது. இதற்குக் காட்டாமணக்கின் வரலாற்றினும் தக்க சான்று வேண்டா.

நடுவண் திட்டக்குழு அமைத்த குழுவொன்று, எரியெண்ணெய்க்கெனக் காட்டாமணக்கைப் பெருமளவில் பயிரிடுமாறு 2003-இல் பரிந்துரைத்தது. 2017-ஆம் ஆண்டிற்குள் வித்தெண்ணெயை 20 விழுக்காடு கலக்க வேண்டும் என 2009-ஆம் ஆண்டுக் கொள்கை இலக்கு வகுத்தது. 'தரிசில் வளரும், நீர் வேண்டா, ஆடுமாடு தீண்டா' என்று பரப்பினர். தமிழ்நாட்டு உழவரும் நம்பி நட்டனர்.

விளைந்தது என்ன? கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடத்தப்பெற்று 2010-இல் வெளிவந்த ஆய்வொன்று, விளைச்சல் எதிர்பார்த்ததினும் மிகக் குறைவு என்றும், இப்பயிர் ஏழை உழவரை மேலும் ஏழையராக்கிற்று என்றும் கூறிற்று. நடுவணரசின் 2018-ஆம் ஆண்டுக் கொள்கையோ, 2030-க்குள் 5 விழுக்காடு போதும் என இலக்கைச் சுருக்கிக்கொண்டது. அரசு இலக்கைத் திருத்திக்கொள்ளலாம். உழவன் இழந்த ஆண்டுகளை யார் திருத்துவார்?

ஆடுமாடு தீண்டா என்பது மெய். அதன் வித்தும் பிண்ணாக்கும் நஞ்சு. வறட்சியைத் தாங்கும் என்பதும் மெய். ஆனால், உயிர்வாழ்தல் வேறு, காய்த்தல் வேறு. நீரில்லாத செடி நிற்குமேயன்றி நிறையக் காய்க்காது. நட்ட முதலிரண்டு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க வருவாயும் இராது. இவற்றை நடுமுன்னரே உழவனுக்கு விளங்கச் சொன்னவர் எத்துணையர்? நீந்தக் கற்பியாமல் ஆற்றில் இறக்கிவிட்டு, மூழ்கியவனையே பழிப்பது அறமாகுமா?

இன்று காற்று வேறு பக்கம் வீசுகின்றது. கன்னெய்யுடன் 20 விழுக்காடு எரிசாராயம் கலக்கும் நிலையை நாடு 2025-இல் எட்டியுள்ளது. கரும்பும் மக்காச்சோளமும் எரிபொருட் பயிர்களாகிவிட்டன. புதிய உழவர் பலர் இதில் இறங்குவர். பழைய பிழை மீண்டும் நேராதிருக்க வேண்டுமாயின், நான்கு செய்க.

முதலாவது, பயிற்சி கழனியிலேயே, உழவன் பேசும் தமிழிலேயே நடைபெறுக. ஊதியத்தை மட்டுமன்றி இடரையும் எடுத்துரைக்க. இரண்டாவது, அரசுப் பண்ணையில் சில ஆண்டுகள் விளைந்து காட்டாத வித்தை உழவன் தலையில் கட்டற்க. மூன்றாவது, காய்ப்பு வரும்வரை ஊடுபயிருக்கு வழியும், வட்டியில்லாக் கடனும், பயிர்க் காப்பீடும் தருக. நான்காவது, வாங்குவோர் யார், விலை என்ன என்பதை நடுமுன்னரே எழுத்தில் உறுதி செய்க.

இவற்றோடு மறவாதிருக்க வேண்டுவது ஒன்றுண்டு. சோற்றுக்குரிய நிலம் சோற்றுக்கே முதலில் உரியது. நிலக்கடலையும் கேழ்வரகும் விளையும் கொல்லையைப் பிடுங்கி வண்டிக்குத் தீனி விளைப்பது வளர்ச்சியன்று.

உழவர்காள்! கன்றோடு வருவோரை வரவேற்பீர். ஆனால் கையொப்பம் இடுமுன் நீர் எவ்வளவு, ஆண்டு எத்தனை, விலை என்ன, விளையாவிடின் பொறுப்பு யாருடையது எனக் கேளுங்கள். விடை கூறாதவரிடம் கன்றையும் வாங்காதீர்!