ஸ்பாக் யார் வீட்டுச் சொத்து?

"பைத்தியக்காரக் கூட்டம்!" டெலிவிஷன் பாத்திரங்களை வைத்துத் தாமே கதை எழுதி, தாமே விளக்கம் சொல்லி மகிழும் ரசிகர்களைச் சில பெரிய மனிதர்கள் இப்படி ஏசுகிறார்கள். "திருட்டுக் கூட்டம்!" இது கம்பெனி வக்கீல்களின் வசை.

முதல் வசையை விட்டுத் தள்ளுவோம். வேலை முடிந்து வந்த நாலு பேர் உட்கார்ந்து, "அவன் ஏன் அப்படிச் செய்தான்? அவள் மனதில் என்ன இருந்தது?" என்று வாதாடுவது பைத்தியம் என்றால், கூத்துப் பார்த்துவிட்டு விடியும்வரை கர்ணனுக்காக வழக்காடுகிற நம் ஊர் ஜனங்கள் அத்தனை பேரும் பைத்தியங்கள்தான்! ஆனால் இரண்டாவது வசை அப்படிப்பட்டதல்ல. அதன் பின்னால் பணம் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. திருடன் யார் என்று கணக்குப் பார்த்தே தீரவேண்டும்.

அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் 'ஸ்டார் டிரெக்' என்ற தொடர் ஆரம்பமாயிற்று. நட்சத்திரங்களுக்கிடையே கப்பலில் போகிற கதை. அதில் ஸ்பாக் என்று ஒரு பாத்திரம். தகப்பன் வல்கன் என்ற வேற்றுக் கிரகத்தான். தாய் பூமியில் பிறந்த மானிடப் பெண். கூர்மையான காது, உள்ளத்தில் கொந்தளித்தாலும் முகத்தில் காட்டாதவன். லெனார்ட் நிமாய் என்ற நடிகர் அந்த வேஷத்தைக் கட்டினார்.

1968-ல் ஒரு சிறுமி பத்திரிகை மூலம் இந்த ஸ்பாக்குக்குக் கடிதம் எழுதினாள். நடிகருக்கு அல்ல, ஸ்பாக்குக்கு! அவள் தாய் கறுப்பர், தகப்பன் வெள்ளையர். இந்தப் பக்கத்தாரும் அவளைச் சேர்க்கவில்லை, அந்தப் பக்கத்தாரும் சேர்க்கவில்லை. நீயும் என்னைப் போலத்தானே, நீ எப்படிச் சமாளித்தாய் என்பதே அவள் கேள்வி. நிமாய் அதற்கு நீண்ட பதில் எழுதி அச்சில் வெளியிட்டார். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1967 ஜூனில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை, அமெரிக்காவின் 16 மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வது குற்றம்! கதாசிரியர்கள் ஸ்பாக்குக்கு இரண்டு ரத்தத்தை வைத்தார்கள், வாஸ்தவம். அது தன் வீட்டு ரத்தம் என்று கண்டுகொண்டவள் அந்தச் சிறுமி. இதற்கு எந்தக் கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது?

அவள் ஒருத்தி மட்டுமா? 1967-லேயே ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், 'ஸ்பாக்கனேலியா' என்ற பத்திரிகையைத் தாங்களே தட்டச்சு செய்து பிரதி எடுத்து வெளியிட்டார்கள். அதன் பிறகு இப்படிப்பட்ட பத்திரிகைகள் மளமளவென்று பெருகின. துண்டுப் பிரசுரத்தை இரவோடிரவாக சைக்ளோஸ்டைல் அடித்த தோழர்களுக்கு இந்த வேலை என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வல்கன் நாட்டு வழக்கங்கள் என்ன, ஸ்பாக்கின் தாய் அந்த அந்நிய வீட்டில் எப்படி வாழ்ந்திருப்பாள் என்றெல்லாம் எழுதினார்கள். கப்பல் தலைவன் கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் உள்ள நட்பைக் காதலாகவே வாசித்து எழுதினார்கள் சிலர். 1974-ல் அதுவும் அச்சேறிற்று. முகம் சுளித்தவர்களும் உண்டு. சுளிக்கட்டும். எழுதியதெல்லாம் மாணிக்கம் என்று நானும் சொல்லவில்லை, குப்பையும் ஏராளம். கம்பெனிக்காரன் காட்டுகிற படங்களில் மட்டும் குப்பை இல்லையா?

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டாம் ஆண்டோடு தொடரை நிறுத்திவிடப் போகிறார்கள் என்ற செய்தி பரவிற்று. ரசிகர்கள் கிளம்பினார்கள். கடிதம் எழுதுவது எப்படி, யாருக்கு எழுதுவது என்று ஊர் ஊராகத் தகவல் அனுப்பினார்கள். 1968 ஜனவரியில் மாணவர்கள் பர்பாங்க் நகரில் என்.பி.சி. கம்பெனியின் வாசலுக்கே ஊர்வலம் போனார்கள். வந்த கடிதங்கள் லட்சத்தைத் தாண்டியதாகக் கம்பெனியே கணக்குச் சொல்லிற்று. 1968 மார்ச்சில், தொடர் மறுபடி வரும் என்று டெலிவிஷனிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அடுத்த ஆண்டே, 1969-ல், 79 பகுதிகளோடு கழுத்தைத் திருகிவிட்டார்கள்.

அதற்குப் பின் பத்து ஆண்டுகள்! 1979-ல் சினிமாவாக வரும்வரை அந்தப் பாத்திரங்களுக்குச் சோறு போட்டு வளர்த்தது யார்? பழைய பகுதிகளை விற்று மறு ஒளிபரப்பில் காசு பார்த்தது கம்பெனி. 1972-ல் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கில் மாநாடு கூட்டியவர்கள் ரசிகர்கள். பத்திரிகை நடத்தியவர்கள் ரசிகர்கள். சந்தை இன்னும் சாகவில்லை என்று முதலாளிக்குக் காட்டிக் கொடுத்தவர்களும் அந்த 'பைத்தியங்கள்'தான்! அதன் பிறகு ஸ்டார் டிரெக் படத்துக்கு மேல் படம், தொடருக்கு மேல் தொடர், பொம்மை, சட்டை, கோப்பை என்று கொட்டிய பணத்தில் ஒரு சல்லியாவது அந்தப் பெண்களின் தட்டச்சு மிஷினுக்கு ரிப்பன் வாங்க வந்ததா?

வரவில்லை. சட்டம்தான் வந்தது!

2015 டிசம்பரில், 'ஆக்ஸனார்' என்ற ரசிகர் படத்தை எடுத்தவர்கள் மீது சி.பி.எஸ்., பாராமவுண்ட் என்ற இரண்டு ராட்சசக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: அந்தப் படக்காரர்கள் ஜனங்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தவர்கள்; சாதாரண ரசிகர்கள் என்று அவர்களை நான் சொல்ல மாட்டேன். 2017 ஜனவரியில் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் அந்த ஒருவரைச் சாக்காக வைத்து, 2016 ஜூனில் எல்லா ரசிகர்களுக்கும் சேர்த்து ஒரு விதிமுறை போட்டார்களே, அதைக் கவனியுங்கள். ரசிகர் எடுக்கும் படம் 15 நிமிஷத்துக்கு மேல் ஓடக்கூடாது. தொடர்கதையானால் இரண்டு பகுதி, மொத்தம் 30 நிமிஷம். 50,000 டாலருக்கு மேல் வசூலிக்கக்கூடாது. கடையில் கிடைக்கிற உடுப்பையும் சாமானையும் உபயோகித்தால் கம்பெனி முத்திரை போட்ட அசல் சரக்காகவே இருக்க வேண்டும். எப்போதாவது ஸ்டார் டிரெக்கில் வேலை பார்த்தவர்கள் யாரும் அதில் கலந்துகொள்ளக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உழைக்கிற யாருக்கும் காலணா கூலி கொடுக்கக்கூடாது!

வேடிக்கையைப் பார்த்தீர்களா? கூலி கொடுக்காதே என்று உத்தரவு. ஆனால் உடுப்பை மட்டும் எங்களிடம் காசு கொடுத்து வாங்கு! மிராசுதார் போடும் நிபந்தனைகளும் இந்த ரகம்தானே.

இவர்களாவது விரட்டுகிறவர்கள். இன்னொரு ரகம் அணைத்துக் கழுத்தை அறுக்கும் ரகம். 2013-ல் அமேசான் கம்பெனி 'கிண்டில் வோர்ல்ட்ஸ்' என்று ஒரு கடை திறந்தது. ரசிகர்களே, வாருங்கள்! 'வாம்பயர் டயரீஸ்' முதலிய தொடர்களின் பாத்திரங்களை வைத்துத் தாராளமாக எழுதுங்கள். விற்றால் உங்களுக்கும் பங்கு உண்டு என்றது. பத்தாயிரம் வார்த்தைக்குக் குறையாத கதையானால் 35 சதவீதம். சின்னக் கதையானால் 20. ஆஹா, என்ன பெருந்தன்மை! ஒப்பந்தத்தின் உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியும் குட்டு. கதையின் உரிமை முழுவதும் அமேசானுக்கு. ரசிகர் தன் மூளையில் புதிதாக ஒரு பாத்திரத்தைப் படைத்திருந்தால், தொடரின் சொந்தக்காரக் கம்பெனி அதை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு உபயோகிக்கலாம். அதற்குத் தனியாக ஒன்றும் தரவேண்டியதில்லை! ரசிகர் கம்பெனியின் பாத்திரத்தைத் தொட்டால் திருட்டு. கம்பெனி ரசிகரின் பாத்திரத்தைத் தொட்டால் ஒப்பந்தம்.

அந்த வாம்பயர் டயரீஸ் கதையை முதலில் எழுதியவர் யார் தெரியுமா? எல்.ஜே. ஸ்மித் என்ற பெண்மணி. 1991-ல் புத்தகமாக எழுதினார், ஆனால் கூலிக்கு எழுதித் தரும் ஒப்பந்தத்தில். எலெனாவும் ஸ்டெஃபனும் டேமனும் அவர் பேனாவில் பிறந்தார்கள், சொத்து கம்பெனிக்கு. 2009-ல் டெலிவிஷன் தொடராகி 2017 வரை, எட்டு சீசன், 171 பகுதிகள் ஓடிற்று. நடுவில், 2011-ல், கதை எந்த வழியில் போகவேண்டும் என்ற தகராறில், படைத்தவரையே வேலையிலிருந்து நீக்கினார்கள்! வேறொருவரை வைத்து எழுத வைத்தார்கள். அட்டையில் மட்டும் ஸ்மித்தின் பெயர் நின்றது. பெயருக்கு விலை இருக்கிறதல்லவா!

அந்த அம்மையார் என்ன செய்தார்? 2014-ல் அதே அமேசான் கடைக்குப் போனார். வரிசையில் ரசிகர்களோடு ரசிகராக நின்றார். தன் குழந்தைகளைப் பற்றித் தானே எழுதிய கதையை, 'ரசிகர் கதை' என்ற பெயரில் வெளியிட்டார்! நெய்தவன் தான் நெய்த துணியையே கடையில் காசு கொடுத்து வாங்கிக் கட்டுவதை நாம் தினம் பார்க்கிறோம். அதனால் நமக்கு இது அதிசயமாகத் தோன்றாமலிருக்கலாம். 2018 ஆகஸ்டில் அமேசான் லாபம் போதவில்லையோ என்னவோ, கடையை இழுத்து மூடிவிட்டது. ஸ்மித்தின் கதைகளும் அலமாரியிலிருந்து மறைந்தன. அவர் 2025 மார்ச்சில் காலமானார்.

"அப்படியானால் ரசிகர்கள் என்னதான் செய்வது?" என்று கேட்பீர்கள். செய்து காட்டியிருக்கிறார்கள். 2007-ல் 'ஃபேன்லிப்' என்ற இன்னொரு கம்பெனி அவர்கள் எழுத்தை வைத்து வியாபாரம் நடத்த வந்தபோது, அந்தப் பெண்கள் விழித்துக்கொண்டார்கள். அடுத்தவன் இடத்தில் எழுதினால் அடுத்தவன் விரட்டுவான்; நமக்கே சொந்தமாக மிஷின் வேண்டும், நமக்கே சொந்தமாக வீடு வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். லாப நோக்கமில்லாத சங்கம் அமைத்தார்கள். சந்தா திரட்டிக் கம்ப்யூட்டர் சர்வர்களை வாங்கினார்கள். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் அதற்காகவே கற்றுக்கொண்டார்கள். 2009 நவம்பரில் திறந்த அந்தக் காப்பகத்துக்கு 'நமக்கே சொந்தமான காப்பகம்' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, பங்குதாரர் கிடையாது. இன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட படைப்புகள் அங்கே இருக்கின்றன. சண்டையும் சச்சரவும் அங்கேயும் உண்டு. நாலு பேர் கூடுகிற சங்கத்தில் அது இல்லாமலா?

2019 ஆகஸ்டில் டப்ளின் நகரில் நடந்த மாநாட்டில் அந்தக் காப்பகத்துக்கு ஹியூகோ பரிசு கிடைத்தது. விஞ்ஞானக் கதை உலகில் பெரிய பரிசு. மேடையேறிய எழுத்தாளர் நவோமி நோவிக், இந்த வேலையில் பங்குள்ளவர்கள் எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்றார். மண்டபமெங்கும் எழுந்தார்கள். அந்த உற்சாகத்தில் சிலர், நானும் பரிசு பெற்றவள்தான் என்று விளையாட்டாகச் சட்டை ஊசி செய்து விற்கவும் ஆரம்பித்தார்கள். வந்ததே கோபம்! பெயர் எங்கள் பதிவு செய்த முத்திரை. பரிசு காப்பகத்துக்கே தவிர, தனித்தனியாக எழுதிய எவருக்கும் அல்ல என்று 2019 செப்டம்பரில் பரிசுக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். அப்படியானால் அந்தக் காப்பகத்திலுள்ள கதைகளை எழுதியது யாராம், அதன் சுவர்களா?