கிரிவலப் பாதைக்கு ஒரு மருத்துவக் குழு

மதிப்பிற்குரிய திருவண்ணாமலை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

கார்த்திகைத் தீபம் நெருங்கும்போது நகரிலும் கிரிவலப் பாதையிலும் உள்ள டாஸ்மாக் கடைகள் சில நாட்களுக்கு மூடப்படுவது வழக்கம். லட்சக்கணக்கில் மக்கள் கூடும் ஊரில் அது தேவையான ஏற்பாடுதான். ஆனால் 14 கிலோமீட்டர் பாதையின் ஓரத்திலும் பேருந்து நிலையத்திலும் படுத்துறங்குவோரில், பல ஆண்டுகளாகத் தினமும் குடித்துப் பழகியவர்களும் உண்டு. அந்த உடலுக்கு மது திடீரென நின்றுபோனால் ஒரே நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கிப் பிதற்றல் தொடங்கலாம். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். வழியில் போகிறவர்களோ, குடித்துவிட்டு உளறுகிறான் என்று விலகிப் போய்விடுவார்கள்.

மது கிடைக்காதவர் கையில் கிடைத்ததைக் குடிப்பார் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2020 ஏப்ரல் ஊரடங்கில், புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் சவர லோஷனைக் குடித்து 3 பேர் இறந்தார்கள்.

அதைவிடப் பெரிய பாடம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 65 பேருக்கு மேல் உயிரைப் பறித்தது. மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் தாக்குவதற்குப் பல மணி நேரம் ஆகும். அந்த அவகாசத்துக்குள் ஃபோமெபிசோல் மருந்தோ, மருத்துவர் மேற்பார்வையில் அளவோடு எத்தனாலோ கொடுத்து, தேவையானால் டயாலிசிஸும் செய்தால் பிழைக்க வைக்கலாம். கருணாபுரத்தில் அந்த மணி நேரங்கள் வீணாயின. முதல் மரணங்களுக்குக் கள்ளச்சாராயம் காரணமில்லை என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. போலீஸ் வழக்கு வருமோ என்ற பயத்தில் வயிற்றுவலியோடு வீட்டிலேயே படுத்திருந்தவர்களும் இருந்தார்கள். குடும்பம் உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், கூப்பிட்டு எழுப்பவும் ஆளில்லாதவர் நிலை என்ன?

உரிய நேரத்தில் உதவி கிடைத்தால் பிழைக்கலாம் என்பது மாத்திரை, ஊசிப் போதைக்கும் பொருந்தும். வலிநிவாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தமிழக நகரங்களில் பரவியிருப்பதைக் காவல்துறை பதிவு செய்யும் வழக்குகளே காட்டுகின்றன. ஓபியாய்டு வகை மருந்து அளவு மீறினால் மூச்சு மெல்ல அடங்கும். அதை மீட்கும் நலோக்சோன், உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. பக்கத்தில் இருக்கக்கூடியவர்கள் கையிலேயே அது இருக்க வேண்டும் என்று 2014-இல் அவ்வமைப்பு பரிந்துரைத்தது. மணிப்பூரில், முன்பு போதை ஊசிக்கு அடிமையாயிருந்தவர்களே தொடங்கிய சாசோ அமைப்பு நலோக்சோன் கொண்டு இப்படி உயிர் காத்துவருகிறது.

இப்படி உதவுவதற்குச் சட்டமும் தடையாக இல்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாகவே சிகிச்சைக்கு வந்தால் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநலச் சிக்கல்களையும் நோயாகவே கருதுகிறது. வீடற்றவருக்கு அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை உரிமை என்றும் சொல்கிறது.

கேட்பாரற்றுக் கிடப்பவரைத் தூக்கிக் காப்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1896-இல் 16 வயதுப் பையன் ஒருவர் வீட்டை விட்டு இங்கே வந்து பாதாள லிங்கக் குகையில் நினைவின்றி அமர்ந்திருந்தார். பூச்சிகள் அரித்துத் தொடையெல்லாம் புண். அவரைத் தூக்கி வந்து, வாயில் உணவு ஊட்டிக் காத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவர் ரமண மகரிஷி ஆனது பின்னால் நடந்தது. தூக்கிய கைகளுக்கு அன்று அது தெரியாது.

இம்மடல் கேட்பவை நான்கு.

முதலாவது, செவிலியர், மனநல ஆலோசகர், குடியிலிருந்து மீண்ட ஒருவர் சேர்ந்த சிறு குழு மாலை நேரங்களில் கிரிவலப் பாதையில் நடக்க வேண்டும். பௌர்ணமி, தீப நாட்களில் கட்டாயமாக. பையில் நலோக்சோனும் முதலுதவிப் பொருட்களும், நடுக்கம் கண்டவரை வார்டில் சேர்க்கும் அதிகாரமும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மதுக்கடை மூடும் உத்தரவோடு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த நாட்களுக்கெனப் படுக்கைகளும் மெத்தனால் முறிவு மருந்தும் தயாராக இருப்பதை உறுதி செய்யும் உத்தரவும் வர வேண்டும்.

மூன்றாவது, 108-ஐ அழைப்பவர் மீதும், மயங்கிக் கிடப்பவர் மீதும் வழக்கு வராது என்று காவல்துறையும் நிர்வாகமும் சேர்ந்து தமிழில் பலகை வைக்க வேண்டும்.

நான்காவது, மாநகராட்சியின் இரவுநேரத் தங்குமிடம் மது வாடைக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அப்படித் திருப்பி அனுப்பப்படுபவருக்குத்தான் இரவில் ஆபத்து அதிகம்.

தீபத் திருவிழாவுக்கு முந்தைய ஆய்வுக் கூட்டத்தில் குடிநீர், பேருந்து, கழிப்பறை, பாதுகாப்பு என்று துறை துறையாகப் பேசப்படும். இந்த நான்கையும் அங்கே சேர்த்து, மருத்துவக் கல்லூரி முதல்வர், மாநகராட்சி ஆணையர், காவல் கண்காணிப்பாளர் மூவருக்கும் பொறுப்பைப் பிரித்துத் தர வேண்டுகிறது இம்மடல். குழு பாதையில் இறங்கும் தேதியும் அங்கேயே அறிவிக்கப்பட்டால், அன்னதானம் இடுபவர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் சாதுக்களுக்கும் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

மரியாதையுடன்,
திருவண்ணாமலை நகரவாசிகள் சிலர்