160 ஆணி

எங்கள் ஆனைக்குட்டத்தில் கடல் கிடையாது. அணை உண்டு. அர்ச்சுனா நதிக்குக் குறுக்கே கட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்தால் கொஞ்ச நாளைக்கு அதுதான் எங்கள் மெரினா. மற்ற நாளெல்லாம் சீமைக் கருவேலம். அதனால் நிஜக் கடலைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரனுக்குத் தனி மரியாதை. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, கோயிலுக்குள் நிற்பது மாதிரி நிற்பான்.

அந்த ஊரில் பிறந்த நான், கடலை ஒட்டிப் போகிற ஒரு ரோட்டுக்கு என்ன மரியாதை செய்தேன் என்பதை இந்த வாரம் ஒப்புக்கொண்டு விடுகிறேன். வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லை.

2010 தீபாவளி சீசன். பி.காம். முடித்துவிட்டு சும்மா இருந்தேன். சிவகாசிப் பக்கம் சும்மா இருக்கிற பி.காம். என்ன செய்வான்? கிஃப்ட் பாக்ஸ் ஆர்டர் பிடிக்கப் போவான். நானும் ஒரு கூட்டாளியும் சென்னைக்குக் கிளம்பினோம். கையில் 40 தகர போர்டு. மஞ்சளில் சிவப்பு எழுத்து: 'சிவகாசி பட்டாசு - கம்பெனி விலைக்கே'. அதற்குக் கீழே என் செல் நம்பர். இரவல் டி.வி.எஸ். வண்டி, ஒரு சுத்தியல், மடி நிறைய ஆணி. திருவான்மியூரில் ஆரம்பித்து ராத்திரியோடு ராத்திரியாக கோவளம் வரைக்கும் ஈ.சி.ஆர். மரங்களில் அடித்துத் தள்ளினோம். ஒரு போர்டுக்கு நாலு ஆணி. காமர்ஸ் படித்தவன் அல்லவா, கணக்கு தானாக வருகிறது: மொத்தம் 160 ஆணி.

வந்த ஆர்டர் மூன்று. அதில் ஒருத்தர் இன்னும் பணம் தரவில்லை. நாலாவது போன் விடிகாலை ஐந்து மணிக்கு வந்தது.

"பட்டாசு போர்டு வெச்ச தம்பிங்களா? எங்க வீட்டு வாசல் பூவரசு மரத்துல ஆணி அடிச்சிருக்கீங்களே, நான் தண்ணி ஊத்தி வளர்த்த மரம்ப்பா அது. உங்க வீட்டு அட்ரஸ் சொல்லு, நான் வந்து உங்க நிலைக்கதவுல அடிக்கிறேன்" என்றார் ஒரு பெரியவர்.

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். ரைட் நம்பர்தான்.

போன மாசி மாசம் ஒரு கிரகப்பிரவேசத்துக்காகச் சென்னை போயிருந்தேன். அங்கே அக்கா மகன் படிக்கிறான். சாப்பிட்டு முடித்துப் பாய் விரிக்கிற நேரத்தில் கேட்டான்:

"மாமா, ராத்திரி பூரா பீச்சுல நடக்கணும். ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். வர்றீங்களா?"

"எதுக்குடா மாப்ளே?"

"ஆமை பாக்க."

"ஏன், பகல்ல பாத்தா கோவிச்சுக்குமா?"

அவன் சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மாமன் ஜோக் அடித்தால் சிரிக்க வேண்டும் என்ற மரியாதை தெரிவதில்லை.

போனேன். நீலாங்கரையில் ஒரு கூட்டம் நின்றது. காலேஜ் பிள்ளைகள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், பாங்க்கில் வேலை பார்க்கிற ஒருத்தர். சனி, ஞாயிறு லீவென்றால் நாலு பேர் சேர்ந்து காரில் ஈ.சி.ஆர். போவோமே, போன இடத்தில் காலி பாட்டிலை மணலில் சொருகிவிட்டு வருவோமே... அதே வயசு, அதே சம்பளக்காரர்கள். இவர்கள் என்னடாவென்றால் ராத்திரி பதினோரு மணிக்குமேல் கிளம்பி பெசன்ட் நகர் வரை மணலில் நடக்கிறார்கள். எதற்கென்றால், பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்டிருந்தால் நாயும் ஆளும் தோண்டுவதற்கு முன்னால் எடுத்துப் பத்திரப்படுத்த. எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பு 1988-லிருந்து இதைச் செய்கிறது. அதற்கும் முன்னால், 1970-களில் பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் நடக்க ஆரம்பித்தது. நீலாங்கரையில் ட்ரீ ஃபவுண்டேஷன் என்று இன்னொரு அமைப்பு, மீனவக் குப்பத்துப் பையன்களையே சேர்த்துக்கொண்டு 2002-லிருந்து இதே வேலையைப் பார்க்கிறது. ஒருத்தர் பெயரும் எந்த மரத்திலும் தொங்கக் காணோம்.

நடக்க நடக்க மருமகன் ரோட்டின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான். இப்போது ஈ.சி.ஆர். என்றால் ரிசார்ட், பங்களா, பிரியாணி. முன்னால் அப்படி இல்லை. வெறும் மணல், சவுக்குத் தோப்பு, பனை, தாழம்புதர். ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவை அடையாறிலிருந்து திருவான்மியூருக்குக் கொண்டுவந்தது 1960-களில். அந்த மணல்காட்டில் மரம் வைத்துத்தான் நிழலே உண்டாக்கினார்கள். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்த ஓவியர்கள் இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி சோழமண்டலம் என்று கிராமமே அமைத்தார்கள். பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசு. ஓவியன் காசு சேர்த்து நிலம் வாங்கினான் என்பதே என்னைக் கேட்டால் உலக அதிசயம்! 1976-ல் முதலைப் பண்ணை வந்தது. 1996-ல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. இவர்களெல்லாம் அந்தக் கரை எப்படி இருந்ததோ அதற்காகவே வந்தவர்கள்.

அப்புறம்தான் ரோடு பெரிசானது. கிராமத்துக்குக் கிராமம் இருந்த குட்டி ரோடுகளை 1990-களில் இணைத்து அகலப்படுத்தினார்கள். மரம் போகும், மணல்மேடு போகும் என்று அப்போதே சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். 2002-லிருந்து சுங்கம் கட்டிப் போகிற ரோடானது. கடலைப் பார்க்க வசதியாக ரோடு போட்டதும், கடலைப் பார்க்க விடாமல் வரிசையாகக் காம்பவுண்டு சுவர் வந்துவிட்டது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது பழமொழி. இங்கே வீடு புகுந்த ஆமைதான் உருப்படவில்லை.

மணி இரண்டு இருக்கும். எனக்குக் கால் கெஞ்சியது. இருட்டில் எதிலோ தடுக்கியதும் செல்போன் டார்ச்சைப் போட்டேன். ஏழெட்டுக் குரல் ஒன்றாகக் கத்தியது: "லைட்டை அணைங்க!"

ஏதோ நகைக்கடைக்குள் நுழைந்த திருடன் மாதிரி நின்றேன். மருமகன் மெதுவாகச் சொன்னான். முட்டைக்குள்ளிருந்து வருகிற குஞ்சு கடல் எங்கே என்று யாரையும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் ராத்திரி வெளிச்சம் கடல் பக்கம்தான், வானமும் தண்ணீரும் மினுங்கும். நாம் ஈ.சி.ஆர். பக்கம் ஹைமாஸ்ட் விளக்கு, ரிசார்ட் விளக்கு, பங்களா கேட்டுக்கு இரண்டு குளோப் என்று வைத்திருக்கிறோம். குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடக்கும். விடிந்தால் வெயில், காக்கா, கார் டயர். வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமையே கரையேறாமல் திரும்பிவிடுவதும் உண்டு. அதனால் முட்டையிடும் சீசனில் பதினோரு மணிக்குமேல் கடற்கரை விளக்குகளை அணையுங்கள் என்று வருஷா வருஷம் இவர்கள் மனு கொடுக்கிறார்கள். மாநகராட்சியும் அணைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று யாராவது நல்ல மனசோடு கலர் விளக்கு வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

'லைட் போடாதே' என்றால் மற்ற ஊர்க்காரனுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியதில்லை. எங்கள் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற ரூமில் லைட்டே கிடையாது. காலை வெளிச்சத்தில் வேலையை ஆரம்பித்து, இருட்டுவதற்குள் கதவைச் சாத்திவிட வேண்டும். ஒரு சுவிட்சுக்கு எத்தனை உயிர் என்று கேட்டு வளர்ந்தவன் நான். செல்போனை ஆஃப் செய்து பாக்கெட்டின் அடியில் போட்டுவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில் தடம் கிடைத்தது. ஈர மணலில் டிராக்டர் ஏறி இறங்கினமாதிரி. ஆமை போய்விட்டிருந்தது. ஒரு பெண் மண்டியிட்டு மணலைக் கையாலேயே தோண்டினாள். தோள்வரை கை உள்ளே போனது. பிங்பாங் பந்து மாதிரி முட்டைகள். "யாராவது எண்ணுங்க" என்றாள். "எங்க மாமா பி.காம்." என்றான் இவன். எண்ணினேன். 118. இந்தப் பட்டம் வாங்கி இத்தனை வருஷத்தில் உலகத்துக்கு அது பயன்பட்டது அன்றைக்குத்தான்.

அந்த முட்டைகளைப் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி எடுத்துப் புதைத்துவிட்டு வந்தோம். நாற்பத்தைந்து நாளோ, கொஞ்சம் கூடவோ ஆகும். வெளியே வருவதைச் சாயங்காலத்தில் கடலோரம் கொண்டுபோய் விடுவார்களாம். ஆயிரத்தில் ஒன்று பெரிசானால் அதிகம் என்கிறார்கள். அந்த ஒன்றும் தப்புமா என்றால்... 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பெரிய ஆமைகளே நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வரமுடியாது. "அந்த மாசம் நடக்குறப்ப உயிரோட பாத்ததைவிட செத்ததைப் பாத்ததுதான் மாமா ஜாஸ்தி" என்றான்.

"அப்புறம் ஏன்டா நடக்கிறீங்க?"

"இதுல நூத்திப் பதினெட்டு இருந்துச்சுல்ல?"

விடிகிற நேரம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ரோட்டோர வேப்பமரத்தில் வாடகைக்கு வீடு, மூலத்துக்கு மருந்து, பத்தாம் வகுப்பு டியூஷன் மூன்றும் தொங்கின. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில் 1985-ல் ஒரு திட்டம் ஆரம்பித்ததாகப் படித்ததை அவனிடம் சொன்னேன். நெடுஞ்சாலையில் இரண்டு மைலை ஒரு ஊர்க்குழு தத்தெடுத்துக்கொண்டு குப்பை பொறுக்க வேண்டும். பதிலுக்கு அரசாங்கம் அவர்கள் பெயரில் ஒரு போர்டு வைக்கும். அந்த யோசனை உலகம் பூராவும் பரவிவிட்டது.

"நம்ம ஊருக்கு வந்தா, போர்டு மட்டும் வந்து சேரும் மாமா" என்றவன், "இந்த ஆணியெல்லாம் எந்த ஊர் தடியன் அடிக்கிறான்னே தெரியல" என்று கிளாஸைக் கீழே வைத்தான்.

டீ தொண்டையில் நின்றது. சொல்லிவிட்டேன். 2010, டி.வி.எஸ். வண்டி, 160 ஆணி, விடிகாலை போன், ராங் நம்பர் எல்லாம்.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "வாங்க, தேடலாம்" என்று ஸ்கூட்டரை எடுத்தான்.

ராமநாதபுரத்தில் ஒரு போலீஸ்காரர் டியூட்டி முடிந்ததும் மரங்களில் ஆணி பிடுங்குவதையே வேலையாக வைத்திருக்கிறார் என்று பேப்பரில் படித்திருக்கிறேன். ஆணி போன ஓட்டை வழியாகப் பூச்சியும் பூஞ்சையும் உள்ளே இறங்குமாம். மரம் தன் பட்டையால் மூடி ஆணியை விழுங்கப் பார்க்குமாம். ஆனால் ஆணி பிடுங்குகிறேன் என்று நம் ஜனங்களிடம் சொல்லிப் பாருங்கள்! 2001-ல் 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு வந்துவிட்டுப் போனதிலிருந்து அந்த வார்த்தையைச் சீரியஸாகச் சொல்ல வழியில்லை. டீக்கடைக்காரரிடம் ஆணி பிடுங்குகிற சுத்தியல் இருக்கிறதா என்றேன். கடையே சிரித்தது.

திருவான்மியூரிலிருந்து தேடினோம். முக்கால்வாசி இடத்தில் மரமே இல்லை. ரோடு அகலமாகியிருந்தது. என் ஆணியோடு சேர்ந்து மரமும் லாரி ஏறியிருக்கும். எந்த பூவரசு அந்தப் பெரியவருடையது? அவர் வீடு எது? 'நீலாங்கரை தாண்டி' என்று அன்றைக்கு அவர் சொன்ன ஞாபகம் மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது நாலு மாடி ஃப்ளாட்டுகள்.

ஒரு ஃப்ளாட்டின் கேட் ஓரமாக ஒரு பூவரசு நின்றது. நல்ல பருமன். நெஞ்சுயரத்தில் துருப்பிடித்த தகரத்துண்டு ஒன்று, உள்ளங்கை அளவு. மஞ்சள் பெயின்ட். 'சிவ' என்று மட்டும் இருந்தது. அது அவருடைய மரம்தானா, தெரியாது. என்னுடைய போர்டுதான்.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "சார், இங்க போர்டு மாட்டக்கூடாது."

"மாட்டலைங்க, கழட்டறேன்."

"அதுக்கும் செகரட்டரியைக் கேட்கணும் சார்."

செகரட்டரி தூங்குகிறாராம். வாட்ச்மேனே கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு சுத்தியலைக் கொண்டுவந்தார். முன்னால் இங்கே தனி வீடு இருந்ததா, ஒரு பெரியவர் இருந்தாரா என்று கேட்டேன். "நான் வந்தே ரெண்டு வருசம்தான் சார்" என்றார்.

மூன்று ஆணி வந்தது. ஒவ்வொன்றும் வருகிறபோது ஒரு சத்தம் போட்டது. நாலாவதன் தலை மட்டும் லேசாகத் தெரிந்தது. மரம் அதை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. இன்னும் தோண்டினால் பட்டை கிழியும் என்று வாட்ச்மேன் சுத்தியலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

மருமகன் மூன்று ஆணியையும் துடைத்து என் சட்டைப் பாக்கெட்டில் போட்டான்.

"157 பாக்கி மாமா" என்றான்.